மைக்கறை ஒட்டுச்சித்திரம்: எந்த மை, எந்தத் தாள், எதற்குப் பணம்?

கேள்வி: தாளில் மையைச் சொட்டி, மடித்து அழுத்திப் பிரித்தால் வரும் உருவங்களை வெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகை, துணித்துண்டு, செய்தித்தாள் எல்லாம் சேர்த்து ஒட்டுச்சித்திரம் செய்கிறேன். பேனா மைதான் பயன்படுத்துகிறேன். பசை தடவியதும் மை ஊறிப் பரவுகிறது. ஆறு மாதம் முன்பு சுவரில் மாட்டிய படமோ வெளுத்தே போய்விட்டது. விலை கூடிய மை வாங்கினால் சரியாகுமா?
– வாசகி, திருச்சி

பதில்: விலை கூடினாலும் பேனா மை பேனா மைதான். நிப்பை அடைக்காமல் ஓட வேண்டும் என்பதற்காகவே பெரும்பாலான பேனா மைகளைத் தண்ணீரில் கரையும் சாயத்தில் செய்கிறார்கள். பசையின் ஈரம் பட்டாலே அது மறுபடி கரையும். வெளிச்சம் பட்டால் வெளுக்கும்.

கடையில் ‘இந்தியன் இங்க்’ என்று கேளுங்கள். அதன் கறுப்பு புகைக்கரியிலிருந்து வருவது, வெளிச்சத்துக்கு அசையாது. அரக்கு அல்லது அக்ரிலிக் சேர்ந்த வகையாக இருந்தால், காய்ந்த பிறகு தண்ணீருக்கும் அசையாது. எல்லாப் புட்டியும் அப்படி இல்லை. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து எடுங்கள். வண்ணம் வேண்டுமென்றால் அக்ரிலிக் மை. இவை எதையும் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்தால் பேனா போனதுதான்.

முதலில் சின்னப் புட்டியாக ஒன்று வாங்கிச் சோதித்துப் பாருங்கள். ஒரு சொட்டு விட்டு ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரத் தூரிகையால் அதன்மேல் தடவி, வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். டிஷ்யூ வெள்ளையாகவே இருந்தால் பசைக்குப் பயமில்லை. இன்னொரு கறையைப் பாதி அட்டையால் மறைத்து, வெயில் விழும் ஜன்னலில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். அட்டையை எடுத்ததும் இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பெரிய புட்டி வாங்கலாம்.

மை சரியானாலும் மற்றவை காலை வாரும். செய்தித்தாள் ஒரு வருடத்துக்குள் பழுத்துவிடும். கல்யாணப் பத்திரிகை ஓரத்தில் தடவிய மஞ்சள், வெயில் பட்டால் மங்கிவிடும். எனக்கு அந்த மங்கலும் பிடிக்கும், ஆனால் நிலைக்கும் என்று நம்பி ஒட்டாதீர்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படமும் பெரும்பாலும் பேனா மை போலவே கசியும். ஜெராக்ஸ் கசியாது, அதன் கறுப்பு சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிய பிளாஸ்டிக் தூள். எனவே செய்தித்தாளையும், பழைய பேனா மைக் கறைகளையும்கூட ஜெராக்ஸ் எடுத்து வெட்டி ஒட்டலாம். பசைக்குப் பெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். மெல்லியதாகத் தடவி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஒரு இரவு விடுங்கள். சுருக்கம் விழாது.

கேள்வி: இணையத்தில் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், ஏ4 அளவில் 10 வாங்கினேன். வந்தது சார்ட் பேப்பர் போல இருக்கிறது. ‘ஓவியப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்’ என்கிறார் விற்பனையாளர். எப்படி நிரூபிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: மளிகைக்கடைத் தராசே போதும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஆக, 300 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று 18.75 கிராம், பத்தும் சேர்ந்து சுமார் 187 கிராம் இருக்க வேண்டும். உறை, அட்டையை எடுத்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். ஐந்தாறு கிராம் முன்பின் இருக்கலாம். 120 கிராம்தான் காட்டுகிறது என்றால் உங்களிடம் இருப்பது 200 ஜிஎஸ்எம் கூட இல்லை. தராசு எண் தெரியும்படி படம் எடுங்கள், விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ‘ரிட்டர்ன் இல்லை’ என்று அவர் எழுதிவைத்தது இதற்குச் செல்லாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

ஒன்று மட்டும் கேட்காமலே சொல்கிறேன். மடித்து மைக்கறை உருவம் எடுக்க 300 ஜிஎஸ்எம் வேண்டாம். அவ்வளவு தடித்த தாளை மடித்தால் மடிப்பில் நார் விரிந்து, மை அங்கே கோடாக இறங்கும். கறைக்கு 120 முதல் 160 ஜிஎஸ்எம் தாள், அடித்தளத்துக்கு மட்டும் 300. செலவும் குறையும்.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு ‘மைக்கறையைப் பார்த்துக் குழந்தையின் குணம் அறியும் கலை கிட்’ வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஹெர்மான் ரோர்ஷாக் 1921இல் வெளியிட்ட பத்து அட்டைகள்தான் மைக்கறையைக் காட்டி மனதை ஆராயும் சோதனைக்கு உரியவை. அவற்றையும் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள்தான் கையாள வேண்டும். பெட்டியில் வரும் கறை எதையும் கண்டறியாது. மகள் கறையில் வௌவாலைப் பார்த்தாள் என்பதற்காக அவளைப் பற்றி யாரும் தீர்ப்பு எழுத வேண்டாம். ரோர்ஷாக்குக்கு வெகு முன்பே ஜெர்மன் மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், கண்பார்வை மங்கியபின் தவறிச் சிந்திய மையை மடித்து, உருவம் கண்டு, கோடு சேர்த்துக் கவிதையும் எழுதினார். உங்கள் மகளும் அதைச் செய்யட்டும். அவளுக்குத் துவைத்தால் போகும் மையே வாங்குங்கள், இந்தியன் இங்க் பள்ளிச் சீருடையில் பட்டால் போகாது. நல்ல கறை வந்தால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டி ஒட்டுவாள்.