பொங்கல் விடுமுறையில் பனிமூட்டத்தைப் படமெடுக்க: ஒரு வாசகரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்கள் சொந்த ஊர். வேலை சென்னையில் என்பதால் பொங்கலையொட்டி ஒரு வாரம் மட்டுமே ஊரில் இருக்க முடிகிறது. சென்ற ஆண்டு 18-55 மி.மீ. லென்ஸுடன் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி, விடியற்காலையில் வயலுக்குப் போய்ப் படமெடுத்தேன். கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்த பனிமூட்டம் படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுந்திருந்தது. வயலோ ஒரு பச்சைப் பட்டையாகவே தெரிந்தது. என் தவறு என்ன? பெரிய ஜூம் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: லென்ஸ் வாங்கும் யோசனையைச் சற்றுத் தள்ளிவையுங்கள். பனி சாம்பலாக விழுந்ததற்கும் லென்ஸுக்கும் தொடர்பே இல்லை.

கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு எதிரே இருப்பது கரியா சுண்ணாம்பா என்பது தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறப் பொருள் என்று கொண்டே கணக்குப் போடும். மரமும் மண்ணும் வானமும் கலந்திருக்கும் சாதாரணக் காட்சிகளில் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்திவிடுகிறது. சட்டகம் முழுவதும் வெண்பனி நிறைந்திருக்கும்போதோ, ஒளி அளவுக்கு மீறி வருகிறது என்று எண்ணி, கேமரா தானாகவே அதைக் குறைத்து, வெள்ளையைச் சாம்பலாக்கிவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான் இதற்காகத்தான் இருக்கிறது. பனிமூட்டத்தில் அதை +0.7 முதல் +1.3 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்; படத்தின் இருண்ட பகுதிகளை இடப்பக்கமும் ஒளிமிக்க பகுதிகளை வலப்பக்கமும் காட்டும் வரைபடம் அது. மேடு வலப்பக்கமாக நகர்ந்திருக்க வேண்டும், ஆனால் வலது ஓரச் சுவரில் மோதி நிற்கக்கூடாது. சூரியனே சட்டகத்துக்குள் இருந்தால் அதைச் சுற்றிச் சிறிது வெளுக்கத்தான் செய்யும். அது பொறுக்கவில்லை என்றால் ஒரு பனைமரத்துக்குப் பின்னால் சூரியனை மறைத்துக்கொண்டு எடுக்கலாம். இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். கரும்பச்சை வயலின் நடுவே ஒற்றைக் கொக்கு நிற்கிறது என்றால், அங்கே -0.7 அளவுக்கு இறக்காவிட்டால் கொக்கின் இறகு விவரம் எதுவும் இல்லாத வெள்ளைத் துண்டாகிவிடும்.

ஒளியின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸையும் தானியங்கியில் விடாதீர்கள். விடியலுக்கு முந்தைய நீலத்தையும் சூரியன் எழுந்தபின் வரும் பொன்னிறத்தையும் கேமரா ஒரு குறையாக எண்ணித் திருத்தப் பார்க்கும். டேலைட் என்ற அமைப்பில் நிறுத்திவிட்டு, கேமரா பதிவுசெய்த விவரங்களைத் திருத்தாமல் அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாகவும் சேர்த்துச் சேமித்தால், பிறகு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். கணினியில் திருத்தும்போது மூட்டத்தை நீக்கும் டிஹேஸ் பட்டியை மட்டும் தொடாதீர்கள்; எந்தப் பனிக்காகத் தூக்கம் கெட்டு எழுந்து போனீர்களோ அதையே அது துடைத்துப் போட்டுவிடும்.

வயல் பட்டையாகத் தெரிந்ததற்குக் காரணம் வேறு. சூரியனை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக் குழுப் படத்துக்கு அது சரியான அறிவுரைதான். பனித்துளிகள் தங்கள்மேல் விழும் ஒளியைப் பெரும்பாலும் அது போய்க்கொண்டிருக்கும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறடிக்கின்றன. ஆகவே சூரியனுக்கு எதிர்முகமாகவோ சற்றுப் பக்கவாட்டிலோ நின்று பார்ப்பவருக்குத்தான் பனி ஒளிர்கிறது. சூரியனை முதுகில் வைத்திருப்பவருக்கு அது சுவர்போல் வெறுமையாக நிற்கிறது. நெல் இலையின் நுனியில் தொங்கும் துளியும், வரப்பில் கட்டியிருக்கும் சிலந்தி வலையும், பால் பிடித்துத் தலை சாயத் தொடங்கிய கதிரும் பின்னொளியில்தான் உயிர் பெறுகின்றன.

பொங்கல் சமயத்தில் உங்கள் ஊரில் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை, அதிலிருந்து ஏறத்தாழ 22 பாகை தெற்கே தள்ளி எழுகிறது. கையை நீட்டி முட்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை இருக்கும்; கிழக்கிலிருந்து வலப்பக்கமாக இரண்டு முட்டி அளந்தால் சூரியன் எழும் இடம் கிடைத்துவிடும். முந்தின நாள் பகலிலேயே இப்படி அளந்து, அந்தத் திசையில் எந்தப் பனை, எந்த மோட்டார் கொட்டகை, எந்த வைக்கோல் போர் வருகிறது என்று பார்த்து, நிற்க வேண்டிய வரப்பை முடிவுசெய்துவிடுங்கள். இருட்டில் போய் இடம் தேடத் தொடங்கினால் காலம் போய்விடும்.

காலம் போய்விடும் என்பதைச் சும்மா சொல்லவில்லை. பொன்னான ஒரு மணி நேரம் என்று ஒளிப்படப் பாடங்களில் சொல்வதெல்லாம் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் மனத்தில் வைத்துச் சொல்வது. லண்டனில் டிசம்பர் மாதச் சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை உயர்வதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நம் பகுதியில் அது செங்குத்தாக ஏறுவதால் அதே உயரத்தை அரை மணி நேரத்தில் எட்டிவிடுகிறது. மன்னார்குடிப் பக்கம் பொங்கலன்று சூரியன் எழுவது காலை 6.34 அளவில். பகல் மிகவும் குறுகியிருப்பது டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதிதான் என்றாலும், சூரியன் எழும் நேரம் அதற்குப் பிறகும் பின்னுக்குப் போய்க்கொண்டே இருந்து, ஜனவரி கடைசியில்தான் திரும்புகிறது. டிசம்பர் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் பொங்கலுக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம் கூடுதலாகத் தூங்கலாம். ஆறு மணிக்கு வரப்பில் இருந்தால் 6.10 முதல் நீல ஒளியும், 6.35 முதல் 7.05 வரை பொன்னொளியும் உங்களுக்குக் கிடைக்கும். காபி அதற்கப்புறம்தான்.

ஆறுதலான செய்தியும் உண்டு. பொங்கல் வாரத்தில் உச்சிவேளையிலும் சூரியன் அங்கே ஏறத்தாழ 58 பாகை உயரம்தான் ஏறுகிறது; சித்திரைத் தொடக்கத்தில்போல் தலைக்கு நேர் மேலே வந்து நிழலை விழுங்கிவிடுவதில்லை. அதனால் காலை ஒன்பது மணிவரையிலும், மாலை நாலரைக்குப் பிறகும்கூடப் படமெடுக்கத் தகுந்த ஒளி இருக்கும். பங்குனி சித்திரையில் இந்தச் சலுகை கிடையாது.

இனி, சட்டகத்தை எப்படி அமைப்பது என்பது. பனிமூட்டத்தில் தூரம் கூடக்கூடப் பொருள்கள் வெளிறிக்கொண்டே போகும். பத்திருபது மீட்டர் தொலைவில் கருமையான ஒன்று நின்றால்தான், அதற்குப் பின்னால் இருப்பது சாம்பல், அதற்கும் பின்னால் இருப்பது வெள்ளை என்ற அடுக்குகள் கண்ணுக்குப் புலப்படும். கருமை எதுவும் இல்லாத படத்தில் பனிக்கு அளவுகோலே கிடையாது. ஒரு பனைமரம், சோளக்கொல்லைப் பொம்மை, கட்டிப்போட்ட மாடு, சைக்கிளில் பால் கொண்டுபோகிறவர், எதுவானாலும் போதும். உங்கள் லென்ஸை 18இல் வைக்காமல் 55இல் வைத்து எடுங்கள். டெல்டா தட்டையான நிலம். அகலமாக எடுத்தால் மேலே பாதி வெற்று வானமும் கீழே பாதி வெற்றுப் பச்சையும் வந்து, சொல்ல வேண்டியதெல்லாம் நடுவில் நூல் கனத்துக்குச் சுருங்கிவிடும். இந்தத் தட்டை நிலத்துக்கு நான் கண்ட ஒரே மருந்து உயரம். தரையில் நிற்கும் கண்ணுக்கு வரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து மறைந்துவிடுகின்றன. வைக்கோல் போர், ஆற்றுக்கரை, மதகுச் சுவர், மாட்டு வண்டி, எதன்மீதாவது ஏறி இரண்டு மூன்று மீட்டர் உயர்ந்துவிட்டால் வயல்களின் கட்டங்கள் விரிந்துவிடும். மொட்டைமாடி கிடைத்தால் விடவே வேண்டாம்.

மூட்டத்தில் தானியங்கி ஃபோகஸ் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையும். பனைமரத்தின் விளிம்பு போல் கருமையும் வெண்மையும் சந்திக்கும் இடத்தில் ஃபோகஸ் செய்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 அல்லது 200 போதும். விடியலுக்கு முன்பு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை விநாடிவரை நீண்டுவிடும் என்பதால் ட்ரைபாட் கட்டாயம் தேவை. ஜூம் லென்ஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு சிறு பகுதிக்கே நல்ல ட்ரைபாட் கிடைக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் முதலில் வாங்குவேன். கைப்பேசியில் எடுப்பதானால் எச்டிஆரை அணைத்துவிடுங்கள். அது இருளையும் ஒளியையும் சமப்படுத்திப் பனியின் அடுக்குகளை அழித்துவிடும்.

ஒரு வார விடுமுறையில் எந்தக் காலை பனி இறங்கும் என்று முன்னிரவே ஓரளவு சொல்லிவிட முடியும். ஈரமான நிலம், மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு ஆகிய மூன்றும் சேர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த வயலில் ஈரம் எப்போதும் உண்டு. மேகம் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விட, தரையையொட்டிய காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் நீராவி துளிகளாகிறது. காற்று வீசினால் அந்தக் குளிர் மேலே இருக்கும் வெப்பக் காற்றோடு கலந்து கெட்டுவிடும். இரவு ஒன்பது மணிக்கு நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, அடுப்புப் புகை மேலே எழாமல் தெருவின்மேல் தட்டையாகப் படர்ந்து நின்றால் அலாரம் வைத்துவிட்டுப் படுங்கள். போகியன்று காலை தெரிகிற மூட்டத்தைக் கண்டு மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அதில் பாதி பழம்பாய் எரித்த புகை. படத்தில் பழுப்பாகத்தான் விழும்.

புல்லின்மேல் பனி படிகிற அதே காரணத்தால், திறந்த வெளியில் ட்ரைபாடின்மேல் நிற்கும் லென்ஸின் முகப்பும் குளிர்ந்து, பத்திருபது நிமிடத்தில் அதிலும் ஈரம் படிந்துவிடும். இரண்டு படங்களுக்கு நடுவில் மூடியைப் போடுங்கள், அல்லது ஒரு துண்டைப் போர்த்திவையுங்கள். படிந்ததை வேட்டி நுனியால் துடைக்காமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். வீடு திரும்பியதும் ஈரப் பையிலேயே கேமராவை வைத்துப் பூட்டிவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போனால், சில வாரங்களில் லென்ஸுக்குள் பூஞ்சை படரத் தொடங்கலாம். காற்றாட உலரவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

இருட்டில் வரப்பில் நடக்கும்போது கையில் டார்ச்சும் காலில் உயரமான ரப்பர் பூட்ஸும் இருக்க வேண்டும். கண்ணாடி விரியன் வயலில் வாழும் பாம்பு. அறுவடைக்காலத்தில் அதை மிதித்துக் கடிபடுகிறவர்கள் உண்டு. கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் அடியெடுத்து வைக்கும் பழக்கத்தை ஊர் எல்லையிலேயே விட்டுவிடுங்கள். வரப்பில் போகலாமா என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது. கதிர் முற்றிய வயலுக்குள் இறங்கினால் ஒவ்வொரு அடியிலும் நெல் உதிரும்.

பறவைகளுக்காகத்தான் ஜூம் லென்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் என்றால், மன்னார்குடி - தஞ்சாவூர் சாலையில் உள்ள வடுவூர் ஏரி உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஏரியில் நீர் நிறைந்திருக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் வாத்துகளும் வந்து கூடும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்க்கப்பட்ட சரணாலயம் அது. ட்ரோனை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஒற்றைப் பறவையை நெருக்கமாக எடுப்பதற்கு 300 மி.மீ.கூடப் போதாது. அதற்குப் பதிலாக, பறவையைச் சிறிதாகவும் ஏரியைப் பெரிதாகவும் வைத்து, விடியலில் கூட்டம் எழும் நேரத்தை எடுத்தால் உங்கள் 55 மி.மீ. போதும், ஷட்டரை மட்டும் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவுக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்காக ஐஎஸ்ஓ 1600 ஆனாலும் பாதகமில்லை. உழவு நடக்கும் வயலில் டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் கூட்டமாக நடந்து வரும் காட்சி, ஏரிக்குப் போகாமலேயே கிடைப்பது.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்லிவைக்கிறேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28ஆம் தேதி மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வாய்க்கால்களில் நீர் வற்றத் தொடங்கும் என்பதால், மரங்களும் வானமும் நீரில் பிரதிபலிக்கும் படங்களைப் பொங்கல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள். வயலுக்கு அந்த அவசரம் இல்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக, ஈரம் காயாத மண்ணில், நிற்கும் பயிருக்கு நடுவிலேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது உங்கள் பகுதியின் வழக்கம். அறுத்து முடித்த பின் மஞ்சள் நெல்தாளுக்கு இடையே பச்சை முளை கிளம்பி, நிலமே இரண்டு நிறமாகத் தெரியும். செயின் வைத்த அறுவடை வண்டி விட்டுப்போன தடங்கள் அதன் குறுக்கே நெளிந்து ஓடும். பிப்ரவரி முதல் பாதியில் ஒரு சனி ஞாயிறு ஊருக்குப் போக முடிந்தால், அதே வரப்பில், அதே பனைமரத்தை வைத்து இன்னொரு படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் ஆறு மணிக்கே அங்கே இருக்க வேண்டும்.