செட்டியார் தெருவுக்கு எப்படிப் போவது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் முதன்முறையாகக் கொழும்புக்கு வந்தேன். வழிகாட்டி யாரையும் அமர்த்தவில்லை. கைபேசியில் ஒரு நடைவரைபடத்தை இறக்கிக்கொண்டு, காலை பத்து மணிக்குக் கோட்டையில் தொடங்கினேன். கட்டடங்கள் அழகுதான். ஆனால் படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிப் போன இடம் மாதிரி இருந்தது. புறக்கோட்டைக்குள் நுழைந்தால் நேர்மாறு, நிற்கவே இடமில்லை. வரைபடத்தில் சீ ஸ்ட்ரீட் என்று இருந்ததைத் தமிழாக்கி, 'கடல் தெரு எங்கே?' என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவர் கடலோரக் காலிமுகத்திடலுக்கு வழி சொன்னார்! சிவப்புப் பள்ளிவாசலைப் படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் அறைக்குத் திரும்பிவிட்டேன். எங்கே பிழை செய்தேன்? நீங்களாக இருந்தால் எப்படி நடப்பீர்கள்?

க. ம., திருச்சி

அன்புள்ள க. ம.,

அந்தப் பெரியவர் மேல் தப்பில்லை. கடல் தெரு என்று இங்கே ஒரு தெருவும் கிடையாது. நீங்கள் தேடியது செட்டியார் தெரு. சிங்களத்தில் ஹெட்டி வீதிய, அதுவும் செட்டிதான். ஆங்கிலத்துக்கு மட்டும்தான் அங்கே கடல் தெரிந்திருக்கிறது. கையில் தமிழை வைத்துக்கொண்டு வரைபடத்தின் ஆங்கிலத்தில் ஊரைச் சுற்றியிருக்கிறீர்கள். அதுதான் முதல் பிழை.

வரைபடம் பெட்டா என்று சொல்வது நம்முடைய பேட்டைதான். வெள்ளைக்காரன் வாயில் போய் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் சொல்வது புறக்கோட்டை, கோட்டைக்கு வெளியே இருப்பது. சரி, அந்தக் கோட்டை எங்கே? போர்த்துக்கீசர் கட்டி, 1656இல் ஒல்லாந்தர் (உங்கள் ஊரில் டச்சுக்காரர்) பிடித்து, 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போய், 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்களாலேயே மதில் இடிக்கப்பட்டது. மதில் போய் நூற்றைம்பது வருடமாகியும் உள்ளே, வெளியே என்ற கணக்கு மட்டும் எங்கள் பேச்சில் நிற்கிறது.

கோட்டை வெறிச்சென்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் பத்து மணி வெயில் அல்ல. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நடந்தது. அதன்பின் பல வீதிகளைப் பல வருடங்கள் மூடி வைத்திருந்தார்கள். தடுப்பு, சோதனை, அடையாள அட்டை. வேலையில்லாதவன் கோட்டைக்குள் போகவே மாட்டான். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டைக்காரன் வேலை இருந்தாலும் யோசிப்பான். சும்மா நடக்கும் பழக்கமே அங்கே அறுந்துபோயிற்று. தடைகள் போய்விட்டன, ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியை 2011இல் கடைத்தொகுதியாக்கித் திறந்தும் விட்டார்கள். ஆட்கள் வருகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வாகனத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். கோட்டையில் நான் நின்று பார்ப்பது ஒன்றே ஒன்று, சதாம் வீதிச் சந்தியில் நடுத்தெருவில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம். 1857இல் மணிக்கூடாகப் பிறந்து, 1867இல் தலையில் விளக்கு ஏற்றி வெளிச்சவீடாகி, சுற்றியிருந்த கட்டடங்கள் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்ததால் 1952இல் ஓய்வு பெற்றது. (வெளிச்சவீடு என்றால் உங்கள் ஊரில் கலங்கரை விளக்கம்.) மற்றபடி யோர்க் வீதியில் 1906ஆம் ஆண்டின் சிவப்புக் கார்கில்ஸ் கட்டடம், துறைமுகத்தடியில் 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் தங்கிய கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல். ஒரு மணி நேரம் போதும், அதையும் மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் எதிர்முனையில் தொடங்குவேன். காலை ஆறரைக்குக் கொச்சிக்கடை, பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை அவர் மகன் சேர். பொன். இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். திருச்சிக்காரருக்குக் கற்கோயில் அதிசயமில்லைதான். ஆனாலும் எண்ணெய் விளக்கு மட்டும் எரியும் அந்தக் குளிர்ந்த இருட்டுக்குள் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தால், வெளியே நடப்பது கொழும்பில்தான் என்று நம்பக் கொஞ்சம் நேரமாகும். பக்கத்திலேயே அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமையென்றால் சைவ சமயத்தவரும் மெழுகுதிரியோடு நிற்பார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த இடம் அது. அங்கே படம் எடுக்காமல் இருந்தால் நல்லது.

அப்புறம் நேரே செட்டியார் தெரு. நகைக்கடைகள் திறக்கிற நேரம். வாசல் கழுவி, சாம்பிராணி போட்டு, முதல் வியாபாரத்துக்குக் காத்திருப்பார்கள். என் அப்பா அம்மாவுக்குத் தாலி செய்வித்ததும் இங்கேதான். அந்தக் கடை இப்போது இல்லை. 1983 ஜூலையில் புறக்கோட்டையில் எரிந்த தமிழ்க் கடைகளில் அதுவும் ஒன்று. அதே இடத்தில் வேறு யாரோ கைபேசி உறை விற்கிறார்கள், நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன். பழைய கதிரேசன், புதிய கதிரேசன் என்று முருகனுக்கு இரண்டு கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முருகனின் ஆடிவேல் திருவிழா புறப்படும் தெரு இது.

தெரு முடிகிற இடத்தில் ஒரு மணி தொங்குகிறது, கட்டாயம் பாருங்கள். நடைபாதைக் கடைகளின் குடையும் துணியும் மறைப்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். கைமன் வாசல் என்பார்கள். ஒல்லாந்தர் மொழியில் கைமன் என்றால் முதலை. பழைய தலைநகரான கோட்டேயில் பாழடைந்து கிடந்த போர்த்துக்கீசர் தேவாலயத்து மணியைக் கொண்டுவந்து மாட்டி, இரவில் விளக்கணைக்கச் சொல்லி ஒல்லாந்தர் அடித்தார்களாம். தோற்றவனின் மணியை வைத்தே ஊரைத் தூங்க வைத்திருக்கிறார்கள். மேலே வுல்வெண்டால் தேவாலயம், 1757இலிருந்து நிற்கிறது. அங்கே திரிந்த நரிகளை ஓநாய் என்று நினைத்து ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்தார்களாம். இருப்பது மேட்டில்!

இனிக் குறுக்குத் தெருக்கள். நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும். 'நாட்டாமி!' என்று ஒரு குரல் கேட்கும். நீங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் வருகிறார் என்று நினைத்து மரியாதையாகத் திரும்புவீர்கள். இங்கே நாட்டாமி என்றால் மூட்டை தூக்குகிறவர். கைவண்டியோடு வருவார், நிறுத்த மாட்டார். எட்டு வயதில் வாய்பார்த்துக்கொண்டு நின்று, என் வலது கால் பெருவிரல் நகத்தை ஒரு வண்டிச் சில்லுக்குக் கொடுத்திருக்கிறேன். பிழை அவருடையதல்ல, ஒதுங்காதவனுடையது.

நீங்கள் படம் எடுத்த சிவப்புப் பள்ளி இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. எங்களுக்குப் பள்ளி என்றால் பள்ளிவாசல், பிள்ளைகள் படிப்பது பள்ளிக்கூடம். அதற்குச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் பெயருண்டு. உங்கள் கரையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள் தொழுவதற்காக 1908இல் தொடங்கி அடுத்த வருடம் கட்டி முடித்தது. வெள்ளி நண்பகலில் போகாதீர்கள், தெரு முழுக்கத் தொழுகைக்கு வந்தவர்கள்தான் இருப்பார்கள். வெளியே வந்தால் கான் மணிக்கூட்டுக் கோபுரம், பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் தகப்பன் நினைவாக எழுப்பியது. அதன் நிழலில் ஒரு பிளேன்டீ. அதோடு காலை நடை முடிந்தது. வெயில் தாழ்ந்தபின் கோட்டை.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும். வருவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள், கைமன் வாசல் மணி வரை கூட நடக்கிறேன். வுல்வெண்டால் மேட்டை மட்டும் நீங்களே ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். என் முழங்கால் அதற்குச் சம்மதிப்பதில்லை.

அன்புடன்.