வி-கட் ஓரத்துக் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆவது பற்றி

நண்பரே, 24 வோல்ட் போர்டில் 1206 அளவு செராமிக் கெப்பாசிட்டர்கள் டெஸ்ட்டில் பாஸாகி, சில வாரம் கழித்து ஷார்ட் ஆகின்றன, எல்லாமே வி-கட் (போர்டுகளைப் பிரிக்கப் போடும் V வடிவப் பள்ளம்) ஓரத்தில் இருப்பவை என்கிறீர்கள். பேனலை, அதாவது பல போர்டுகள் சேர்ந்த தகட்டை, கையால் உடைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் சந்தேகம் அதன்மேல்தான், சால்டரிங் மேல் அல்ல.

போர்டு வளையும், செராமிக் வளையாது. டெர்மினலின் (சால்டர் பிடிக்கும் உலோக முனை) அடியில் தொடங்கி ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் உள்ளே விரிசல் ஓடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தப்பிவிடும். பின்னால் ஈரம் புகுந்து லீக்கேஜ் (கசியும் மின்னோட்டம்) ஏறித்தான் ஷார்ட் ஆகும், அதனால்தான் டெஸ்ட்டில் சிக்கவில்லை. உறுதி செய்ய, பழுதானதைப் போர்டோடு அறுத்தெடுத்து எபாக்சியில் பதித்து, நீளவாக்கில் தேய்த்து பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். அயர்ன் வைத்துக் கழற்றாதீர்கள், அந்தச் சூடே புது விரிசல் போடும்.

இப்போதைக்குச் சக்கர பிளேடு கட்டருக்கு மாறுங்கள், முடிந்தால் ரௌட்டர் (சுழலும் முனையால் போர்டை அறுக்கும் இயந்திரம்). அடுத்த லேஅவுட்டில் கெப்பாசிட்டரின் நீளம் வெட்டுக்கோட்டுக்கு இணையாக, 5 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். இடமில்லையென்றால் சாஃப்ட் டெர்மினேஷன் வகை, அதாவது முனையில் வளைந்துகொடுக்கும் அடுக்கு உள்ளது. விலை கூடுதல்தான், பவர் லைனில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சால்டரைக் குவித்தாலும் இழுவிசை நேரே செராமிக்குக்குத்தான் போகும். ஸ்க்ரூ ஓட்டை, கனெக்டர் பக்கத்திலும் போர்டு வளையும், அங்குள்ள கெப்பாசிட்டர்களையும் ஒருமுறை பாருங்கள்.