"வாரன்டி பாகத்துக்குத்தான், வேலைக்கு இல்லை" என்கிறார்கள். வழக்கு நிற்குமா?

கேள்வி: என் சிறிய காரைத் திருப்பும்போதெல்லாம் முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. பணிமனையில் காட்டியபோது இரண்டு டிரைவ் ஷாஃப்டும் (கியர் பாக்ஸிலிருந்து முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகள்) தேய்ந்துவிட்டதாகச் சொல்லி மாற்றினார்கள். பில்லில் 'புதியது' என்று எழுதியிருக்கிறது. பழையவற்றைத் திருப்பித் தரவில்லை. இரண்டே மாதத்தில் இடப்பக்கம் மறுபடி அதே சத்தம். வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறையும் விழுந்தது. பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பத்து நாள் ஓட்டினேன். ஒருநாள் கியர் விழாமல் வண்டி நின்றுவிட்டது. வேறொரு மெக்கானிக் கழற்றிப் பார்த்து, "ரப்பர் பூட்டின் கிளிப்பைச் சரியாக இறுக்கவில்லை, கியர் பாக்ஸ் ஆயில் சீல் கிழிந்திருக்கிறது, ஷாஃப்டும் புதிது மாதிரி இல்லை" என்கிறார். பழைய பணிமனையோ, "வாரன்டி பாகத்துக்குத்தான், வேலைக்கு இல்லை, நீங்கள் முரட்டுத்தனமாக ஓட்டியிருப்பீர்கள்" என்று கைவிரிக்கிறது. நுகர்வோர் வழக்குப் போட்டால் நிற்குமா?

பதில்: நிற்கும். ஆனால் அதற்கு முன் ஒரு வேண்டுகோள். இதைப் படித்ததும் இரண்டாவது மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கழற்றிய ஷாஃப்டைக் கழுவ வேண்டாம், பழைய இரும்புக்குப் போட வேண்டாம், கிழிந்த சீலைக் குப்பையில் எறிய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல வழக்குகள் பல இந்த இடத்தில்தான் தோற்கின்றன. வண்டி ஓடினால் போதும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பில்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே "அந்தப் பாகம் எங்கே?" என்பதாகத்தான் இருக்கும்.

இனி முதல் பணிமனை சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். வாரன்டி என்பது பாகத்தைத் தயாரித்தவரோ விற்றவரோ தரும் வாக்குறுதி. உங்கள் முதன்மையான புகார் பாகத்தைப் பற்றியதல்ல, பூட்டிய விதத்தைப் பற்றியது. ஷாஃப்டின் முனையில், சக்கரம் திரும்பும்போதும் சுழல விடும் மூட்டுதான் சிவி ஜாயின்ட். அதற்கு உயிர் உள்ளே இருக்கும் கிரீஸ். கிரீஸைக் காப்பது ரப்பர் பூட். பூட்டைப் பிடித்து வைப்பது கிளிப். கிளிப் தளர்ந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், ஜாயின்டுக்குள் இரும்புக் குண்டுகள் ஓடும் பள்ளங்கள் அரிக்கப்படும். திருப்பத்தில் கேட்கும் 'டக் டக்' வெளிப்பக்க ஜாயின்ட் தேய்ந்ததன் அடையாளம். கியர் பாக்ஸ் எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலின் கதையும் இப்படித்தான். ஷாஃப்டை நேராகப் பிடித்து நுழைக்காவிட்டால் அதன் பற்கள் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். அப்படியானால் இரண்டுமே கைவேலையில் நேர்ந்த பிழைகள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 2(11) 'சேவைக் குறைபாடு' என்று சொல்வது இதைத்தான்: செய்யும் வேலையின் தரத்திலும் விதத்திலும் உள்ள எந்தக் குறையும் அதில் அடங்கும். வேலைக்கு வாரன்டி எழுதித் தந்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையை முறையாகச் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பில்லின் அடியில் அச்சடித்த ஒரு வரியால் அந்தப் பொறுப்பைக் கழற்றி வைத்துவிட முடியாது.

ஷாஃப்ட் புதிதல்ல என்பது வேறு வகைப் புகார். ரீகண்டிஷன் செய்ததை, அதாவது பழையதைச் சீர்செய்ததை, புதியது என்று பில் போட்டிருந்தால் அது நேர்மையற்ற வணிக நடைமுறை, பிரிவு 2(47). ஆனால் இன்று உங்கள் கையில் இருப்பது ஒரு மெக்கானிக்கின் சந்தேகம் மட்டுமே. சிவி ஜாயின்டில் கிரீஸ் போய்விட்டால் புதிய ஷாஃப்டும் சீக்கிரமே பழையது போல் ஆகிவிடும். அதனால் இதை முதல் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். வண்ணத்துக்கு அடியில் பழைய துருக்குழிகள் தெரிகின்றனவா, பாக எண்ணை ராவியிருக்கிறார்களா என்று நிபுணர் பார்த்துச் சொன்னால் அதன்பின் சேர்க்கலாம். இரண்டு ஷாஃப்டையும் மாற்றியிருக்கவே தேவையில்லை என்ற எண்ணமும் உங்களுக்கு வரலாம். பழைய ஷாஃப்ட்கள் இல்லாமல் அதை நிரூபிப்பது கடினம். விட்டுவிடுங்கள்.

சாட்சியத்துக்கு வருவோம். ஷாஃப்டையும் சீலையும் கிளிப்பையும் இருக்கிறபடியே உறையில் போட்டு, தேதி எழுதி ஒட்டுங்கள். வண்டி எண் தெரியும்படி படமும் காணொளியும் எடுங்கள். பணிமனையோடு தொடர்பில்லாத வாகனப் பொறியாளர் ஒருவரிடமோ, உரிமம் பெற்ற வாகனக் காப்பீட்டு சர்வேயரிடமோ எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். இந்த ஆய்வுக்கு முன்னதாகவே, "இன்ன நாளில் பாகங்களைப் பார்வையிடப் போகிறோம், நீங்களும் வரலாம்" என்று முதல் பணிமனைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வந்தால் நல்லது. வராவிட்டால், எங்களுக்குத் தெரியாமல் கழற்றினார்கள் என்று பின்னால் சொல்ல வாயிருக்காது. வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே பாகத்தை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38 வழி தருகிறது. இரண்டாவது மெக்கானிக்கிடம் பிரமாணப் பத்திரம் கேளுங்கள். தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராக எழுதித் தரத் தயங்குவார்கள். வற்புறுத்த வேண்டாம், அவர் கண்டதை மட்டும் ஜாப் கார்டில் (பணிமனையின் வேலை விவரச் சீட்டில்) எழுதித் தந்தால்கூடப் போதும்.

உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் கறையைப் பார்த்தும் பத்து நாள் ஓட்டினீர்கள். நஷ்டம் பெருகாமல் தடுக்கப் பாதிக்கப்பட்டவருக்கு இருந்த வழிகளையும் நஷ்டஈடு கணக்கிடும்போது பார்க்க வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் பிரிவு 73. கியர் பாக்ஸ் செலவு முழுவதும் கிடைக்கும் என்று உங்களுக்கு நம்பிக்கை தர எனக்கு மனம் வரவில்லை. ஷாஃப்ட், சீல், கூலி ஆகியவற்றைத் தனியாகவும், கியர் பாக்ஸைத் தனியாகவும் கணக்குக் காட்டிக் கேளுங்கள். பத்து நாள் ஓட்டியதை மனுவில் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு தோண்டி எடுத்தால் உங்கள் மற்ற பேச்சின் மதிப்பும் குறையும்.

முதலில் 15 நாள் கெடு வைத்து ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் பல பணிமனைகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். பதில் இல்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு போடலாம். பணிமனை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பணிமனைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 69-ன்படி காலவரம்பு இரண்டு ஆண்டு. பில் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வண்டி வாடகைக்கு ஓடுவதாக இருந்தால் நீங்கள் 'நுகர்வோர்' அல்ல என்று வாதிடுவார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நீங்களே ஓட்டுபவராக இருந்தால் அந்த வாதம் செல்லாது.

அறிவிப்பு போனதும், "வண்டியைக் கொண்டு வாருங்கள், இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்" என்று அழைப்பு வரலாம். போகலாம், தவறில்லை. என்னென்ன செய்யப் போகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்: ஷாஃப்ட் மட்டுமா, சீலும் கியர் பாக்ஸ் ஆயிலும் கூலியும் சேர்த்தா என்று அதில் இருக்க வேண்டும். உறையில் கட்டி வைத்த பாகங்களை மட்டும் அவர்கள் கையில் கொடுக்காதீர்கள்.