கேளுங்க, கதைப்பம்

கேள்வி: அக்கா, நான் கல்முனைப் பக்கம். எங்கட பெரியம்மாட பேரப்புள்ள "நான் ஆணும் இல்ல, பொம்புளையும் இல்ல" எண்டு வீட்ட சொல்லிட்டு. போனப் பாத்து கெட்டுப்போச்சு, வெள்ளக்காரன்ட பழக்கம் எண்டு பெரியம்மா ஒரே அழுகை. மெய்யாவே இது புதுசா?

பதில்: பெரியம்மா பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலுக்குப் போறவதானே தங்கச்சி, அந்த பாரதக் கதையிலதான் அருச்சுனன் ஒரு வருசம் ஆணும் பெண்ணும் இல்லாத பிருகன்னளையா இருந்து விராடன்ட மகளுக்கு ஆடல் பழக்கினது. தொல்காப்பியத்திலயும் இப்படிப்பட்டவங்கள உயர்திணைக்குள்ள சேத்து இலக்கணம் கிடக்கு, சிலப்பதிகாரத்துல மாதவி ஆடின 11 ஆடல்ல பேடும் (ஆணும் பெண்ணும் இல்லாத கோலத்துல ஆடுறது) ஒண்டு. அதுக்காக அந்தக் காலத்துல எல்லாரும் தலைல வெச்சுக் கொண்டாடின எண்டு நான் சொல்லமாட்டன், நக்கலும் இருந்ததுதான்.

வெளியால பாத்தா, எனக்குப் புடிச்சது இந்தோனேசியாட சுலவேசித் தீவு. அங்க புகிஸ் சனம் அஞ்சு பால் எண்டு பிரிக்குது, அதுல பிஸ்ஸு எண்டவங்க ஆணும் பெண்ணும் சேந்தவங்க, அரச குடும்பத்துட புனிதப் பொருளுகள காவல் காத்த பூசாரிமார். சாமி வந்தா கிரிஸ் கத்திய தொண்டக்குழில வெச்சு அழுத்தி ஆடுவாங்க, கத்தி இறங்காதாம். புகிஸ் சனம் கூடுதலா முஸ்லிம்கள், இஸ்லாத்துக்கு மாறினதுக்குப் பிறகும் பிஸ்ஸு இருந்தாங்க, மறுகா 1950கள்ல கிளர்ச்சிக்காரர் அவங்கள துரத்தி அடிச்சதுலதான் ஆக்கள் குறைஞ்சுபோன. மெக்சிக்கோட சப்போதெக் பூர்வகுடி ஊருகள்ல முஷே, பசிபிக் தீவு சமோவாவுல ஃபாஅஃபஃபீனே எண்டு, ஆணாப் பிறந்து பொம்புள மாதிரி வாழுறவங்க இன்டைக்கும் இருக்காங்க. அமெரிக்காட சூனி எண்ட பூர்வகுடியில வேவா எண்டொரு ஆள், ஆணாப் பிறந்து பொம்புள உடுப்புல நெசவு நெய்தவ, 1886ல வாஷிங்டன் போய் ஜனாதிபதி கிளீவ்லண்டயே கண்டவ, அங்க உள்ளவங்களுக்கு சந்தேகமே வரல்ல. ஆனா இவங்க எல்லாரையும் ஒரே பேருக்குள்ள அடைக்கிறது எனக்கு சரியாப் படல்ல, ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கணக்கு.

வெள்ளக்காரன் இஞ்ச இலங்கைக்குக் கொண்டுவந்தது சட்டத்த தங்கச்சி. 1841 அலைந்து திரிவோர் சட்டம், 1883 தண்டனைச் சட்டக் கோவை, ரெண்டையும் வெச்சுத்தான் பொலிஸ் இன்டைக்கும் திருநங்கையர புடிக்கிறது.

கேள்வி: அப்ப ஐடென்டிட்டி கார்ட்ல மாத்தலாமா?

பதில்: ஆண் பெண்ணாவோ பெண் ஆணாவோ மாத்த வழி இருக்கு. 2016ல சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது, மனநல வைத்தியர்ட்ட பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புப் பதிவ முதல் திருத்தோணும், கார்ட் அதுக்குப் பிறகுதான். ரெண்டும் வேணாம் எண்டுற உங்கட புள்ளைக்கு அந்தப் படிவத்துல இடம் இல்ல. நேபாளத்துல 2007லயும் இந்தியாவுல 2014லயும் உச்ச நீதிமன்றமே மூன்றாம் பால ஏத்துக்கிட்டது, இஞ்ச இன்னும் இல்ல.