வெட்டுத்துண்டுகளின் கணக்கு

அன்பின் அக்கா,

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியிருக்கிறேன். மருதமுனைக் கைத்தறித் துணியையும் பழைய சேலைகளையும் கொண்டு, கணவரை இழந்த பெண்களோடு சேர்ந்து உடைகள் செய்ய எண்ணுகிறேன். துணி வீணாகாமல் வெட்டும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து அவர்களை வலுவூட்டலாம் என நம்புகிறேன். இயற்கைச் சாயம்தான் பயன்படுத்த வேண்டுமா? ஓர் உடை பெண்ணியச் செயற்பாடாக முடியுமா? முயற்சிக்கு ஒரு பெயரும் சொல்லுங்கள்.

ஒரு வாசகி, கல்லடி

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் மைத்துனருக்குச் சாரம் வாங்க மருதமுனைக்குப் போயிருந்தேன். நெசவு வீடொன்றின் முன்னறையில் ஆண் தறியில் இருந்தார். உள்ளே, கதவுக்குப் பின்னால், அவருடைய மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தார்; தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சிறு குழலில் சுற்றும் வேலை அது. விலையைக் கேட்டபோது, நூலுக்கு இவ்வளவு, சாயத்துக்கு இவ்வளவு, நெய்கிற கூலி இவ்வளவு என்று நெசவாளி ஒளிவில்லாமல் சொன்னார். அந்தக் கணக்கில் உள்ளறை இல்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அது மனதை அரித்துக்கொண்டிருந்ததால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

சாயத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். நம் தறிகளில் ஏறும் பருத்தி நூலே பெரும்பாலும் கடல் கடந்து வருவது. மஞ்சளிலும் மாதுளந்தோலிலும் முக்கினால் அந்தக் கப்பற்பயணம் இல்லாமற் போய்விடாது. சாயம் போகாமலும் தண்ணீரைக் கெடுக்காமலும் இருந்தால் போதும், மேலே போவோம்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. வீணாகாமல் வெட்டும் முறையை அந்தப் பெண்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா? என் அம்மா எண்பதுகளில் ஒரு கடைக்கு உள்பாவாடை தைத்துக் கொடுத்தார். கடைக்காரர் துணியை அளந்து கொடுப்பார். நூற்கட்டை, உடைகிற ஊசி, காலால் மிதிக்கும் மெசினுக்கு ஊற்றும் எண்ணெய், இரவில் எரியும் மண்ணெண்ணெய் எல்லாம் அம்மாவின் செலவு. துணியைப் பாயில் விரித்து, ஒரு துண்டின் வளைவுக்குள் இன்னொன்றின் முனை பொருந்தும்படி தலைகீழாகத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்து, ஒரு சாண் துணி மிஞ்சும்வரை கத்தரிக்கோலை எடுக்கமாட்டார். அந்த மிச்சத்தில்தான் எங்களுக்குத் தலையணை உறையும் தம்பிக்குக் காற்சட்டைப் பையும் வந்தன. நீங்கள் நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்ததை அவர் வறுமையிடம் படித்திருந்தார்.

பிறகு ஒருநாள் கடைக்காரர் வெட்டுத்துண்டுகளையும் திருப்பிக் கேட்டார். துணி தன்னுடையது என்றால் துண்டும் தன்னுடையதே என்பது அவருடைய நியாயம். அம்மா ஒரு சொல்லும் பேசாமல் பையில் கட்டிக் கொடுத்தார். அடுத்த முறையிலிருந்து மிச்சம் வருவது நின்றுபோனது. அம்மா துணியைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிட்டார், கடைக்காரருக்கும் காரணம் புரியவில்லை. எத்தனையோ பேரிடம் நான் இதைச் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு இது சிரிப்புக்குரியதாக இல்லை. தன் திறமையின் பலன் தனக்கு வராது என்று தெரிந்த கணத்தில் ஒரு பெண் செய்த வேலைநிறுத்தம் அது. எந்தச் சங்கமும் அதை எழுதி வைக்கவில்லை.

ஆகவே, தங்கையே, உங்கள் உடைகளில் மிஞ்சும் துண்டு யாருக்குச் சொந்தம்? பழுதாகத் தைக்கப்பட்ட உருப்படியின் நட்டம் யார் தலையில்? குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் அவளுடைய இடம் இருக்குமா? கொழும்புக் கண்காட்சியில் உங்கள் உடை எந்த விலைக்குப் போனது என்பது தைத்தவளுக்குத் தெரியுமா? தார் சுற்றும் பெண்ணின் மணித்தியாலங்களை நெசவாளியின் கூலிக்குள் ஒளித்து வைக்காமல் தனி வரியாக எழுதுவீர்களா? இவற்றுக்கு விடை இல்லாமல் பெண்களை வட்டமாக உட்காரவைத்துப் படம் எடுக்கும் பட்டறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வடிவமைப்பாளரின் பெயர் பெரிதாக இருக்கும். தைத்தவர்கள் ‘பெண்கள் குழு’ என்ற இரண்டு சொல்லாகியிருப்பார்கள்.

பெயர் சிறிய விடயமல்ல. 2013 ஏப்ரல் 24இல் வங்காளதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அங்கே யாருக்காகத் தைத்தார்கள் என்பதை இடிபாடுகளுக்குள் கிடந்த லேபிள்களைப் பொறுக்கித்தான் காட்ட வேண்டியிருந்தது. வாங்கும் நிறுவனத்தின் பெயர் ஒவ்வோர் உடையிலும் இருந்தது. தைத்தவளின் பெயர் ஒன்றில்கூட இல்லை. நம் நாட்டிலும் 1977க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தபோது ஊர் ஊராக நெசவுசாலைகளில் இருந்த பெண்கள் வேலை இழந்தார்கள். அடுத்த ஆண்டே கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்து, தறியிலிருந்த கைகளின் தங்கைமாரை மெசினில் இருத்தியது.

இன்னொன்று. தமிழ்ப் பெண்கள் தைக்க, மருதமுனையின் முஸ்லிம் வீடுகள் நெய்ய என்று நீங்கள் எழுதாமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு நம்மிடையேயும் நடந்தது என்பதை மறந்துவிட்டு இதைச் செய்ய முடியாது. நெடுக்கு நூலான பாவு ஒருத்தியிடமும் குறுக்கு நூலான ஊடை இன்னொருத்தியிடமும் இருக்கும் இந்தக் கரையில், அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்து விலை பேசட்டும். நீங்கள் நடுவில் நிற்காதீர்கள், தேநீர் ஊற்றுங்கள்.

உடை பெண்ணியச் செயற்பாடாகுமா என்று கேட்டிருந்தீர்கள், பெயரும் கேட்டிருந்தீர்கள். பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். முதல் உருப்படிக்கு விலை எழுதும் நாளில் என்னைக் கூப்பிடுங்கள். அம்மாவின் பாவாடைக் கணக்கைப் பள்ளிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டியது நான்தான். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.