மூளையை ஆராய்ந்தால் எது அறம் என்று தெரிந்துவிடுமா?

தெரியாது, ஆனால் நாம் எப்படித் தீர்ப்பளிக்கிறோம் என்பது ஓரளவு தெரியவரும். கட்டுப்பாடிழந்து ஓடிவரும் டிராம் வண்டியிலிருந்து ஐவரைக் காப்பாற்ற, விசையைத் திருப்பி அதை ஒருவர் நிற்கும் தடத்துக்கு மாற்றலாமா, ஒருவரைக் கையால் அதன்முன் தள்ளிவிடலாமா என்பது போன்ற கேள்விகளைக் கேட்டு, 2001இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோஷுவா கிரீன் குழுவினர் மூளையை ஸ்கேன் செய்தபோது, விசையைத் திருப்பும் கேள்வியைவிடத் தள்ளிவிடும் கேள்வியில் உணர்ச்சி சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கின. நெற்றிக்குப் பின்புறம், கண்களுக்கு மேலுள்ள பகுதி பழுதடைந்தவர்கள் தள்ளிவிடுவதை மற்றவர்களைவிட எளிதாக ஏற்றார்கள் என்பது 2007இல் வெளியான ஆய்வு. புயலில் சிக்கிய குளச்சல் வள்ளக்காரர், கவிழ்ந்த இன்னொரு வள்ளத்தை நோக்கித் திரும்புவதா, தம் ஆட்களைக் கரைசேர்ப்பதா என்று தவித்தால், அந்தத் தவிப்பின் இயக்கத்தை அறிவியல் விளக்கலாம். எது சரி என்பதை அவரே முடிவுசெய்ய வேண்டும். அய்யாவழியினரின் வழிபாட்டிடமான சுவாமித்தோப்புப் பதியில் கண்ணாடி முன் தலைப்பாகையோடு வணங்குபவரின் மூளையில் மாற்றம் பதிவானாலும், அது அவர் நம்பிக்கையை மெய்ப்பிக்காது, பொய்ப்பிக்கவும் செய்யாது. கணக்குப் போடுபவரின் மூளையும்தான் மாறுகிறது.